தெரிஞ்சவரு ரிட்டயர் ஆயிட்டாரு!

சென்னையில் எந்த ஆபீசுக்கு வேணும்னாலும் போய் நில்லுங்க. மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம், இல்லைன்னா ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள இருக்கிற என்னை மாதிரி பொட்டி தட்டுற கூட்டம். கொஞ்சம் கஷ்டமான கேள்வியா ஒண்ணு கேட்டுப் பாருங்க. "இந்தக் குழாய் எங்கே போய்ச் சேருது?" "இந்த புரோகிராம் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுது?" எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும். "அது தெரிஞ்சவர் ரிட்டயர் ஆயிட்டாரே சார்." ரிட்டயர் ஆகலைன்னா டிரான்ஸ்ஃபர். அதுவும் இல்லைன்னா லீவு. எங்க பக்கம்னா, "அவன் பேப்பர் போட்டுட்டுப் போயிட்டான் பாஸ்."

இந்தப் பதிலைக் கேட்டு நமக்குக் கோபமே வர்றதில்லை பாருங்க, அதுதான் எனக்குக் கோபம். பால்காரர் இன்னைக்கு வரலைங்கிற மாதிரி தலையாட்டிட்டு வந்துடறோம்.

என் கட்சி இதுதான். ஒரு ஆள் இல்லாததால் ஒரு வேலை நின்னு போகுதுன்னா, அந்த அறிவு அந்தக் குழுவுக்கு என்னைக்குமே சொந்தமா இருந்ததில்லை. அந்த ஆள் தினமும் இரவல் கொடுத்துக்கிட்டிருந்தார், அவ்வளவுதான். இதைக் கண்டுக்காம, இன்ஜினியர்கள் நடுவில் 'அறிவுப் பகிர்வு'ன்னு நாம நடத்துற கூட்டம், கோப்பு, பவர்பாயின்ட் எல்லாம் பெரும்பாலும் ஜல்லியடிதான். சும்மா சொல்லலை. நம்ம ஊரை வெச்சே சொல்றேன்.

*

முதல்ல தி.நகர். ரங்கநாதன் தெருவில் துணி வாங்க இடிபடுற கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும், நூறு வருஷம் முன்னாடி இந்தப் பகுதியில் ஒரு பெரிய ஏரி இருந்ததுன்னு? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீளமாக் கிடந்ததால் வெள்ளைக்காரன் அதுக்கு 'லாங் டேங்க்'னு பேர் வெச்சான். 1920களில் தண்ணியை வடிச்சு, மனை பிரிச்சு, தியாகராய நகரை உண்டாக்கினாங்க. ஏரி போச்சு, பேர் மட்டும் மிச்சம். மேற்கு மாம்பலத்தில் இன்னைக்கும் லேக் வியூ ரோடு இருக்கு. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கு. வள்ளுவர் கோட்டம் நிக்கிறதும் அந்தப் பழைய ஏரிப் பகுதியிலதான்.

மனை பிரிச்ச விவரம் மழைக்குத் தெரியாது. அது பழைய ஏரியைத் தேடித்தான் வரும். வந்தா வெளியே போறதுக்கு இருக்கிற பெரிய வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி, தி.நகர் வழியா ஓடி, நந்தனத்தில் அடையாறில் கலக்குது.

2021 நவம்பர் 7. விடியறதுக்குள்ள நுங்கம்பாக்கத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல மழை. தி.நகர் தெருக்களில் நாள் கணக்கில் தண்ணி நின்னுது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சேர்ந்த பகுதி அது. பாண்டிபஜாரின் பளபளா நடைபாதையைத் திறந்து அப்பத்தான் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கால்வாயில் நடந்துகிட்டிருந்த சீரமைப்பு வேலையும் அதோட கட்டடக் கழிவும் தண்ணியோட வழியை அடைச்சிருந்ததுன்னு அப்ப பேப்பர்ல எல்லாம் வந்தது.

யார் எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு பேசறதுக்கு நிறைய பேர் இருக்காங்க. நான் அதுக்குள்ள போகலை. என் கேள்வி சின்னது. கால்வாய்க்குள்ள வேலை பாதியில் நிக்குதுன்னு ஒரு இன்ஜினியருக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் தொடங்கும்னு எல்லா இன்ஜினியருக்கும் தெரியும். சுத்துப்பட்ட தெரு வடிகால் எல்லாம் இந்த ஒரு கால்வாயை நம்பித்தான் இருக்குன்னு இன்னொரு இன்ஜினியருக்குத் தெரியும். இந்த மூணு விஷயமும் மழைக்கு முன்னாடி ஒரே மேஜையில் ஒரு நாளாவது சேர்ந்து உட்கார்ந்திருந்தா, அந்தக் கழிவு அங்கே கிடந்திருக்குமா?

நடக்கிற காரியமா அது? ஒரே தெருவை எடுத்துக்குங்க. மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது. அதுக்கு ஒட்டினாப்ல போற கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தோடது. மின்கம்பி மின்வாரியத்தோடது. தண்ணி கடைசியில் போய்ச் சேர்ற ஆறு நீர்வளத் துறையோடது. இப்ப பத்தாததுக்கு பனகல் பார்க், மயிலாப்பூர், அடையாறு எல்லாத்துக்கும் அடியில் மெட்ரோ ரயில் வேற. அஞ்சு வரைபடம், அஞ்சு அலமாரி, அஞ்சு சாவி.

இதுல நிஜமாவே விவரம் தெரிஞ்ச ஆள் யார் தெரியுமா? இருபது வருஷமா அதே வார்டில் வேலை பார்க்கிற தொழிலாளி. எந்த மூடிக்கு அடியில் தண்ணி எந்தப் பக்கம் திரும்புது, எந்த மழைக்கு எந்த முக்கு முதல்ல நிறையும், எந்த இணைப்பு கணக்கில் வராதது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. புதுசா வர்ற உதவிப் பொறியாளர் விவரமானவரா இருந்தா, முதல் நாளே "அண்ணே, கூட வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்"னு அவரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புவார். விவரம் இல்லாதவர் ஃபைலைத் திறப்பார். ஆனா பெரிய அதிகாரிகள் உட்கார்ற ஆய்வுக் கூட்டத்தில் அந்தத் தொழிலாளிக்கு நாற்காலி போட்டு யாராவது கேட்டிருக்கோமா? அவர் ரிட்டயர் ஆகும்போது சால்வை போடுவோம். சால்வைக்குப் பதிலா ஒரு மாசம் முன்னாடியே நாலு பேரை அவர் பின்னாடி அனுப்பியிருக்கலாம்.

மயிலாப்பூர்க்காரங்க சிரிக்க வேண்டாம். உங்க பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்க. பறக்கும் ரயில் 1997ல் திருமயிலை வரைக்கும் வந்தது. தூண்கள் எங்கே? கால்வாய்க்குள்ள. ரயில் போடுறவருக்கு அது நிலம் கையகப்படுத்த வேண்டாத, கேட்க ஆளில்லாத காலி இடம். வெள்ளம் வடியணும்னு நினைக்கிறவருக்கு அது ஊரோட வடிகால். ரெண்டு பேரும் இன்ஜினியர்தான். ரெண்டு பேரும் ஒரே பாடப் புத்தகம்தான் படிச்சிருப்பாங்க.

*

இதுவரைக்கும் சொன்னது அறிவு சிதறிக் கிடந்த கதை. அறிவு ஒரே இடத்தில், கையில் எண்ணோட இருந்தும், தேவைப்பட்டவன்கிட்ட போய்ச் சேராத கதையும் நம்ம ஊர்லயே நடந்திருக்கு. 2015 டிசம்பர் 1.

அன்னைக்குக் காலையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணி ரொம்பக் கம்மி. மழை வலுக்க வலுக்க ஏத்திக்கிட்டே போய், விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் போனாங்க. தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டின நாள். வழியில் இருக்கிற மத்த ஏரிகளோட உபரியும் சேர்ந்து அடையாறில் இறங்கிச்சு. ராத்திரி ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம்னு வரிசையா மூழ்கின கதை எல்லாருக்கும் தெரியும். 29,000 கன அடியை இடைவிடாமல் 21 மணி நேரம் திறந்துவிட்டதாவும், ஏரிக்கு அவசரகாலச் செயல்திட்டமே தயாரிக்கலைன்னும் தணிக்கைத் துறை அறிக்கை சொல்லிச்சு. அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில்.

திறந்துவிட்டது தப்பா சரியாங்கிற சண்டைக்கு நான் வரலை. கரை உடைஞ்சிருந்தா இன்னும் பெரிய நாசம்னு அரசுத் தரப்பு சொன்னதில் அர்த்தம் இருக்கு. நான் கேட்கிறது வேற. 29,000ங்கிற எண் ஏரிக்கரையில் நின்ன இன்ஜினியருக்குத் தெரியும். கோட்டூர்புரத்தில் கீழ்த்தளத்தில் படுத்திருந்த பாட்டிக்கு அந்த எண்ணைச் சொன்னாலும் என்ன புரியும்? அவங்களுக்கு வேண்டியது 'ராத்திரிக்குள்ள உங்க தெருவில் இடுப்பளவு தண்ணி வரும், மாடிக்குப் போயிடுங்க'ங்கிற ஒரே வரி. கன அடியைத் தெருவாவும் அடியாவும் மாத்துற கணக்கு இன்ஜினியர்கள் போட வேண்டிய கணக்கு. அதை மழைக்கு முன்னாடியே போட்டு, ஏரியைப் பார்த்துக்கறவரும், கரையோர வார்டைப் பார்த்துக்கறவரும், போலீசும் பிரிச்சு வெச்சிருக்கணும். எண்ணை மட்டும் ஃபேக்ஸில் அனுப்பிட்டா 'தகவல் தெரிவிக்கப்பட்டது'ன்னு கோப்பில் எழுதிக்கலாம். அதுக்குப் பேர் பகிர்வு இல்லை. அவர் அடுத்து என்ன செய்யணும்ங்கிறதை அது சொல்லணும்.

நாலு வருஷம் கழிச்சு, 2019ல், எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணி நிக்கும்னு முன்கூட்டிக் கணிக்கிற சி-ஃப்ளோஸ்ங்கிற அமைப்பு வந்தது. 2021ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் அவசரகாலச் செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கிச்சு. நல்லது. ஆனா அந்தக் கணக்கைப் போடத் தெரிஞ்சவங்க 2015லயும் இதே சென்னையில், கிண்டியிலும் அடையாறிலும், ஏரியிலிருந்து ரொம்ப தூரம் இல்லாத இடத்திலதான் இருந்தாங்க.

*

சரி, அரசாங்கத்தைத் திட்டினா கைதட்டுவீங்க. இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கே.டி.ன்னு ஒரு சடங்கு இருக்கு. நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபராம். நாலு வருஷம் ஒருத்தன் ஆணி புடுங்கியிருப்பான். ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் பீரியட் முடிய ரெண்டு வாரம் இருக்கும்போதுதான் டேமேஜருக்கு ஞானம் பிறக்கும். ஒரு புதுப் பையனைப் பிடிச்சு உட்கார வெச்சு, "அவன்கிட்ட இருக்கிறது எல்லாத்தையும் வாங்கிக்கோ"ம்பார். என்னமோ சாவிக்கொத்து வாங்குற மாதிரி! போறவன் மனசு ஏற்கெனவே புது ஆபீஸ்ல இருக்கு. வர்றவனுக்கு எதைக் கேட்கணும்னே தெரியாது. கடைசி நாள் அறுபது பக்கத்துக்கு ஒரு கோப்பு, கேக்கு, போட்டோ, முடிஞ்சது.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனியில் (பேர் வேண்டாம்) மாசக் கடைசியில் பில் போடுற புரோகிராம் ஒண்ணு இருந்தது. நடுவில் நாற்பது நிமிஷம் சும்மா காத்திருக்கும். கே.டி. கோப்பில் அழகா எழுதியிருந்தது: 'இங்கே நாற்பது நிமிடம் காத்திருக்கவும்.' ஏன்னு எழுதலை. புதுசா வந்த சுறுசுறுப்பான பையன் வேகமாக்குறேன்னு அதைத் தூக்கிட்டான். அந்த மாசம் ஆயிரக்கணக்கான பேருக்கு ரெண்டு பில் போச்சு. வாடிக்கையாளரோட இன்னொரு மெஷின் அந்த நேரத்தில் காப்பி எடுத்துக்கிட்டிருக்கும், அது முடியறதுக்குத்தான் அந்தக் காத்திருப்பு. எழுதினவன் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. திட்டு வாங்கினது பையன். பையன் மேல என்ன தப்பு? அறுபது பக்கத்தில் 'என்ன'ன்னு அறுபது பக்கம் இருந்தது. 'ஏன்'னு ஒரு வரி இல்லை.

"எல்லாத்தையும் டாக்குமென்ட் பண்ணுங்க"ன்னு கிளம்பற கோஷ்டிக்கு என் பதில் இதுதான். எழுதறதுக்கு நான் எதிரி இல்லை. போகிற நாளில் நினைவுபடுத்தி எழுதறதுக்கு எதிரி. முடிவு எடுக்கிற அன்னைக்கே, சூடு ஆறறதுக்குள்ள, 'வேற என்னென்ன யோசிச்சோம், ஏன் வேணாம்னோம்'னு நாலு வரி எழுதினா அது அறுபது பக்கத்துக்குச் சமம்.

இன்னொரு கோஷ்டி, "தெரிஞ்சவங்க வேணும்னே சொல்லித் தர மாட்டேங்கறாங்க சார், பதுக்கறாங்க"ம்பாங்க. ஆமா, பதுக்கறாங்க. ஏன் பதுக்க மாட்டாங்க? ராத்திரி மூணு மணிக்கு போன் போட்டு எழுப்பப்படுறவனுக்குத்தான் 'ஹீரோ' பட்டம். ஒருத்தனும் எழுப்ப வேண்டாத மாதிரி நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்து வெச்சவனுக்கு அப்ரைசலில் என்ன கிடைக்கும்? "இந்த வருஷம் பெருசா ஒண்ணும் பண்ணலையே தம்பி"ன்னு கிடைக்கும். சொல்லிக் கொடுத்தவனுக்கு நஷ்டம், பொத்தி வெச்சவனுக்கு லாபம்னு விதியை எழுதிட்டு, ஆளைப் பார்த்து சுயநலம்னு திட்டறது அநியாயம். அரசு ஆபீசிலும் அதே கதைதான். அடுத்த டிரான்ஸ்ஃபர் எப்பன்னு தெரியாத பொறியாளர் அடுத்து வர்றவருக்காக எதுக்கு மெனக்கெடணும்?

*

அப்போ வழியே இல்லையான்னா, இருக்கு. அதுவும் இதே ஊர்ல, 1794லேயே செஞ்சு காட்டிட்டாங்க.

மைக்கேல் டாப்பிங்னு ஒரு சர்வேயர். கம்பெனிக்காரன் ஆட்சிக்கு நிலம் அளக்க ஆள் போதலை. அளக்கத் தெரிஞ்சவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். டாப்பிங் என்ன பண்ணினார்? 1794 மே மாசம் எட்டே எட்டுப் பையன்களோட சென்னையில் ஒரு சர்வே பள்ளி தொடங்கினார். படிப்புன்னா கருவியைக் கையில் எடுத்து அளந்து பழகறது. அப்புறம் நேரா ஜில்லாக்களுக்கு நிலம் அளக்கப் போறது. 1796 ஜனவரியில் டாப்பிங் செத்துப் போனார். பள்ளி தொடங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலை. "தெரிஞ்சவர் போயிட்டாரே"ன்னு யாரும் கடையை மூடலை. பள்ளி நடந்தது, வளர்ந்தது. அதுதான் இன்னைக்குக் கிண்டியில் நிக்கிற பொறியியல் கல்லூரி.

வெள்ளைக்காரன் புகழ் பாட இதைச் சொல்லலை, அவன் அளந்தது வரி வசூலுக்கு. நம்ம ஏரிகளில் மதகு திறந்து தண்ணி பங்கிட்ட நீர்க்கட்டிகளும் அப்பா கூடவே கரையில் நடந்துதான் தொழில் கத்துக்கிட்டாங்க. வித்தியாசம் என்னன்னா, அது அந்தக் குடும்பத்தோட நின்னுது. மகன் டவுனுக்கு வேலைக்குப் போனா அறிவும் கூடவே பஸ் ஏறிடுச்சு. கூட நடந்து கத்துக்கறதும் வேணும், வாசல் எல்லாருக்கும் திறந்தும் இருக்கணும்.

மென்பொருள் ஆளுங்க 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்வாங்க. குழுவில் எத்தனை பேரை பஸ் இடிச்சா வேலை நின்னு போகும்ங்கிற கணக்கு. நம்ம ஊருக்கு 29சி ஃபேக்டர்னு வெச்சுக்கலாம், பெரம்பூரில் ஏறினா மயிலாப்பூர், அடையாறு எல்லாம் பார்த்துட்டு பெசன்ட் நகர் வரைக்கும் போகும் :-) பெரும்பாலான இடங்களில் அந்த எண் ஒண்ணு. ஒரே ஒருத்தர்.

அதைக் கண்டுபிடிக்க பஸ் வேணாம், லீவு போதும். வங்கிகளில் முக்கியமான இடங்களில் இருக்கிறவங்களை வருஷத்துக்கு ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாம, சேர்ந்தாப்ல குறைஞ்சது 10 வேலை நாள் கட்டாய லீவில் அனுப்பணும்னு 2021ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அங்கே நோக்கம் மோசடியைக் கண்டுபிடிக்கிறது. இன்ஜினியர்கள் அதையே அறிவோட ஓட்டையைக் கண்டுபிடிக்க வெச்சுக்கலாம். செப்டம்பர் மாசம், மழைக்கு முன்னாடி, 'எல்லாம் தெரிஞ்ச' அந்தப் பொறியாளரைப் பத்து நாள் திருப்பதிக்கு அனுப்புங்க. போன் பண்ணக் கூடாது. மீதிப் பேர் பம்பை ஓட்டட்டும், மதகைத் திறக்கட்டும், சுரங்கப்பாதையில் தண்ணி வடிக்கட்டும். எங்கே முட்டி நிக்கிறாங்களோ அதை எழுதுங்க. அந்தப் பட்டியல்தான் நீங்க பகிர வேண்டிய அறிவு. கம்பெனிக்காரங்களும் இதையே செய்யலாம், செலவு ஒரு பைசா கிடையாது. ஆனா செய்ய மாட்டோம். செஞ்சா நம்ம வண்டவாளம் தண்டவாளம் ஏறிடும்.

கடைசியா ஒண்ணு. 2021 வெள்ளத்துக்கு அப்புறம் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு குழு போட்டாங்க. புது வடிகால்கள் வந்து அடுத்த வருஷம் தி.நகர் கொஞ்சம் தேவலையாவும் இருந்தது, அதை மறுக்கலை. 2023 மார்ச்சில் குழுவோட இறுதி அறிக்கை முதல்வர் கைக்குப் போச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்த அறிக்கை பொதுமக்கள் படிக்கிற மாதிரி வெளியே வரலை. வெள்ளத்தில் நிக்கிறவன் படிக்க முடியாத வெள்ள அறிக்கை! ஊர்ப் பணத்தில், ஊர்த் தண்ணியைப் பத்தி, ஊர் நிபுணர்கள் எழுதினது. அதைப் பூட்டி வைக்கிற ஊரில் ஒரு ஜூனியர் இன்ஜினியர் தான் கத்துக்கிட்டதைப் பக்கத்து சீட்டுக்குச் சொல்வார்னு எப்படி எதிர்பார்க்கறது?

அதனால அடுத்த தடவை யாராவது "தெரிஞ்சவர் ரிட்டயர் ஆயிட்டாரு"ன்னா தலையாட்டிட்டு வராதீங்க. "அவர் சர்வீசில் இருந்த முப்பது வருஷம் நீங்கள்ளாம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"ன்னு கேளுங்க. கொஞ்சம் மரியாதையாவே கேளுங்க. ஆனா கேளுங்க.

டிஸ்கி: உங்க ஆபீசில் அந்த 'ஒருத்தர்' நீங்கதான்னா ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க. உங்களுக்கு லீவே கிடைக்காது சாமி.